சரிவில் மினி டிராக்டர் தொல்லை கொடுத்தால்: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காபிப் பழம் பறிக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. மண் ஊறி, சில்வர் ஓக் சருகு நனைந்து மெத்தைபோல் கிடக்கும் அதே வாரங்களில்தான் மினி டிராக்டர் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் ஓட வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பு அந்த வண்டிக்கானது: 18 முதல் 28 ஹெச்.பி., சுமார் 800 முதல் 1,000 கிலோ எடை, மரங்களுக்கு நடுவே நுழையக் குறுகலான சக்கர அகலம், பின்னால் ரோட்டவேட்டரோ (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) சிறு டிரெய்லரோ.

சரிவில் ஒரு தொல்லை வந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடத் தோன்றும். பல நேரம் வண்டியில் பழுதே இருக்காது. எடை நிற்க வேண்டிய சக்கரத்தை விட்டு வேறு பக்கம் போயிருக்கும், அவ்வளவுதான். அதை வண்டி முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநரின் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போகும். சமதளத்தில் அது நல்ல பழக்கம். இறக்கத்தில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். கீழே சொல்லும் அறிகுறிகளில் சில இந்த ஒரு காலைப் பற்றியவைதான்.

முதலில் சரிவை அளந்துவிடுங்கள்

கண்ணால் பார்த்துச் சரிவைச் சொல்லவே முடியாது. கீழிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, மேலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி தெரியும். 1 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம், கொத்தனாரின் ரசமட்டம், ஒரு டேப், இவை போதும். சட்டத்தின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையைச் சரிவின் கீழ்ப்பக்கம் நீட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்குங்கள். தூக்கிய முனையிலிருந்து தரை வரை அளந்தால்:

18 செ.மீ. – 10 டிகிரி
27 செ.மீ. – 15 டிகிரி
36 செ.மீ. – 20 டிகிரி

எங்கள் கணக்கு இது: காய்ந்த தரையில் நேராக ஏறி இறங்க 15 டிகிரி வரை. குறுக்காக ஓட்டவும், பாரத்தோடு ஓட்டவும், ஈரத்தில் ஓட்டவும் 10 டிகிரிக்குள். உங்கள் வண்டியின் கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் கையேடு சொல்வதே வரம்பு. 20 டிகிரி சரிவு மண்வெட்டிக்கும் தலைச்சுமைக்கும் உரியது, டிராக்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் வண்டி எடுக்கும் முன் மூன்று காரியம். இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் தாழ்ப்பாளைப் போடுங்கள். பின்னாலுள்ள பாதுகாப்பு வளைவை (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்) நிமிர்த்தி அதன் ஆணியை மாட்டுங்கள், பெல்ட் கட்டுங்கள். தலையளவு கல்லோ முக்கோண மரக்கட்டையோ இரண்டு, காலுக்கடியில் உருளாதபடி வண்டியிலேயே கட்டி வையுங்கள்.

அறிகுறி: ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, திருப்பினால் வண்டி திரும்பவில்லை

இது எல்லாவற்றிலும் அவசரமானது. இரண்டு விரலால் திருப்புகிற அளவுக்கு ஸ்டீயரிங் இலகுவானால் முன்சக்கரத்தில் எடை இல்லை என்று பொருள். அடுத்து மூக்கு தூக்கும், வண்டி மல்லாந்துவிடும். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து, இனித் திருப்பவே முடியாது என்ற நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. “தூக்கினால் கிளட்சை மிதித்துக்கொள்ளலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. மூளை உணர்ந்து கால் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும்.

காரணங்கள், அடிக்கடி காணும் வரிசையில்:

ரோட்டவேட்டரை உயரத் தூக்கிக்கொண்டு ஏறுவது முதல் காரணம். பின்னால் 200 கிலோவுக்கு மேல் தொங்கும்போது அது முன்பக்கத்தை நெம்புகோல்போலத் தூக்குகிறது. தரையில் உரசாத அளவுக்கு மட்டும் தாழ்த்திப் பிடியுங்கள். முன் பம்பரில் வெயிட் தகடுகள் மாட்டுங்கள். அப்படியும் முன்பக்கம் லேசாகவே இருந்தால் அந்த ஏற்றத்தை ரிவர்ஸில் ஏறுங்கள். கனமான பின்பக்கம் மேட்டைப் பார்த்திருக்கும்வரை வண்டி மல்லாந்து விழாது.

இரண்டாவது, கயிறையோ சங்கிலியையோ தவறான இடத்தில் மாட்டுவது. இழுப்பு எப்போதும் டிராபாரில் (வண்டியின் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பி), அதாவது பின் அச்சின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டாப் லிங்க் (பின் கருவியைப் பிடிக்கும் மேல் கம்பி) மாட்டும் இடத்திலோ அச்சிலோ சங்கிலியைச் சுற்றினால், பாரம் கீழே இழுக்க, எஞ்சின் மேலே தூக்க, வண்டி தன் அச்சைச் சுற்றியே பின்னால் புரளும். விழுந்த சில்வர் ஓக் மரத்தை இழுக்கும்போது நடக்கும் விபத்து இப்படிப்பட்டதுதான். மரத்தின் முன்முனை ஒரு வேரில் முட்டி நிற்கும், ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரைக் கூட்டுவார், மரம் அசையாது, மூக்கு எழும். முட்டினால் இறங்கி வேரை வெட்டுங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், அறுந்தால் ரப்பர்போல் சுண்டி ஓட்டுநரின் முதுகில் அடிக்கும். தரமான சங்கிலியைக் குட்டையாகப் போடுங்கள்.

மூன்றாவது, கிளட்சைப் பட்டென்று விடுவது. ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் லோ கியர், குறைந்த ஆக்ஸிலேட்டர், கிளட்சை மெல்ல விடுவது. இதில் அவசரமே கூடாது.

அறிகுறி: ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது

கியரைத் தொடாதீர்கள். இரண்டு பிரேக்கையும் மிதித்துப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்னால் தொங்கும் கருவியைத் தரையில் இறக்குங்கள். ஆள் இருந்தால் இரண்டு பின்சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கம் கல் போடச் சொல்லுங்கள். ஆள் வண்டியின் பக்கவாட்டில் இருந்துதான் கல்லை வைக்க வேண்டும், பின்னால் போய் நிற்கக் கூடாது.

பிறகு பிரேக்கை விடாமல் ஸ்டார்ட் செய்து, கருவியைச் சற்றே தூக்கி, ரிவர்ஸ் லோ கியரில் போட்டுக் கிளட்சை முழுதாக விட்ட பிறகுதான் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். எஞ்சின் இழுப்பிலேயே வண்டி ஊர்ந்து இறங்கட்டும். கிளட்சை மிதித்துக்கொண்டு பின்னால் உருளவிட்டுப் பிரேக்கை அழுத்தினால் மூக்கு தூக்கி வண்டி மல்லாந்துவிடும். மேலே ஏற மறுபடி முயல வேண்டாம், ஒருமுறை நின்ற ஏற்றத்தில் அதே பாரத்தோடு அடுத்த முறையும் நிற்கும்.

அறிகுறி: பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

உடனே நிறுத்திவிட்டு இறங்கி டயர் தடத்தைப் பாருங்கள். டயர் பட்டனின் (டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டை) அச்சு மண்ணில் விளிம்போடு தெளிவாக விழுந்திருந்தால் பிடிப்பு இருக்கிறது. பட்டனின் அச்சு மழுங்கி, தரை பூசிவிட்டதுபோல் வழவழவென்றிருந்தால் வண்டி வழுக்கியிருக்கிறது. தடத்தில் மண்ணே தெரியாமல் நசுங்கிய சருகு மட்டும் தெரிந்தால் டயர் தரையைத் தொடவே இல்லை. சருகின் மேல்தட்டு காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் தேங்கிச் சோப்புபோல் நழுவும். தடத்தின் அகலத்துக்கு மண் தெரியச் சருகை வாரித் தள்ளுங்கள். ஏறும் பாதைக்கு இதை முதல் நாளே செய்துவைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் டிஃப் லாக்கை (இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் பெடல்) போடலாம். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் உள்ளே பல் உடையும். நிறுத்தி, மிதித்து, நேராக மட்டும் ஓட்டி வெளியே வாருங்கள். லாக் விடுபடாமல் வளைத்தால் வண்டி திரும்பாது, நேராகப் பள்ளத்துக்குப் போகும்.

சிக்கிய சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் திணித்து, அல்லது சக்கரத்திலேயே சங்கிலியால் கட்டையைக் கட்டி, முன்னோக்கி எடுக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைக் கைவிட வேண்டும். சக்கரம் சுழல முடியாமல் அடைபட்டால் எஞ்சினின் வலு வண்டியின் உடலைத் தூக்கும். பின்னோக்கி எடுங்கள். வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்துப் பின்பக்கமாக இழுங்கள்.

நிரந்தரத் தீர்வாகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பலாம். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு வழியே தண்ணீர் வெளியே வரும்வரை நிரப்பினால் டயர் முக்கால் பங்கு நிறைந்திருக்கும். மீதிக் கால் பங்கில் காற்று. டயருக்கு எடை கூடும், அந்த எடை தாழ்வாகவும் இருக்கும்.

அறிகுறி: இறக்கத்தில் வண்டி வேகம் பிடிக்கிறது, பிரேக் போட்டாலும் வழுக்குகிறது

பெரும்பாலான மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டுமே. இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரம் லேசாகிவிடும். ஆக, பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் எடை இல்லை, எடை இருக்கும் சக்கரத்தில் பிரேக் இல்லை. பிரேக் லைனிங்கைப் புதிதாக மாற்றினாலும் இது மாறாது.

4 வீல் டிரைவ் இருந்தால் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். எஞ்சின் இழுப்பு முன்சக்கரத்துக்கும் போகும், அதுதான் உண்மையான பிரேக். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், முடிந்தால் அதற்கும் ஒரு படி குறைவான கியரில். கை ஆக்ஸிலேட்டரை முழுதாகக் குறையுங்கள்.

இறக்கத்தின் நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. கியர் மாற்றக் கூடாது. இந்த வண்டிகளின் கியர்பெட்டி காருடையதைப் போன்றதல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்கு வந்துவிட்டால் திரும்ப எந்தக் கியரும் விழாது, கடகடவென்று அரைக்கும். அதன் பிறகு எஞ்சின் பிடி போய்விட்டது, வழுக்கும் பின்சக்கரத்தின் பிரேக் மட்டுமே மிச்சம்.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை ஒரு கணம் தளர்த்தி, சக்கரம் சுற்றியதும் மறுபடி மெல்ல அழுத்துங்கள். அப்படியும் கட்டுக்குள் வரவில்லை என்றால் கருவியைத் தரையில் இறக்கி உழவிடுங்கள், பாதையின் மேட்டுப் பக்க மண்சுவரில் வண்டியைச் சாய்த்து உரசவிடுங்கள். பம்பரும் விளக்கும் போகட்டும். பெல்ட் கட்டியிருந்தால் குதிக்கவே கூடாது. குதித்தவர்கள் பெரும்பாலும் உருளும் வண்டிக்கு அடியில்தான் போய் விழுகிறார்கள்.

அறிகுறி: டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது, அல்லது ஒரு பக்கமாக மடிகிறது

பாரம் அதிகம். சரிவில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது. 900 கிலோ டிராக்டர், காலியாக 400 கிலோ டிரெய்லர் என்றால் 500 கிலோதான் ஏற்றலாம், அதாவது 50 கிலோ மூட்டை 10. மழை பெய்த தரையில் 6 மூட்டையோடு நிறுத்துங்கள். இரண்டு நடை கூடும்தான். அந்த டீசல் செலவை முன்பே கணக்கில் எழுதிவிடுங்கள்.

மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒற்றை அச்சு டிரெய்லரில் பின்முனையில் அடுக்கினால் முன் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்து எடை குறையும். அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருக்கட்டும். கொக்கிப் பின்னுக்கு லாக் பின் கட்டாயம், ஆணியை வளைத்துப் போடுவது ஆகாது. பக்கத்தில் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள்.

மடியத் தொடங்கிவிட்டால் பிரேக்கை அழுத்தினால் இன்னும் மடியும். பிரேக்கை விட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கி, ஆக்ஸிலேட்டரைச் சற்றே கூட்டினால் டிராக்டர் முன்னால் இழுத்து டிரெய்லரை நேராக்கும். மனம் ஒப்பாத காரியம்தான், ஆனால் வேலை செய்வது அதுதான். இப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த நடைக்குப் பாதிப் பாரம்.

மூட்டையின் மேலும் மட்கார்டிலும் பறிப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவதை எந்த நிலையிலும் ஒத்துக்கொள்ள முடியாது. சீட் ஒன்று, பெல்ட் ஒன்று, ஆளும் ஒருவர்.

அறிகுறி: குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கச் சக்கரம் லேசாகித் துள்ளுகிறது

சரிவு 10 டிகிரிதானே என்று நினைத்துப் போயிருப்பீர்கள். சக்கர அகலம் 90 செ.மீ. என்று வையுங்கள். மேட்டுப் பக்கச் சக்கரம் 10 செ.மீ. கல்லில் ஏறினால் சாய்வு 6 டிகிரிக்கு மேல் கூடும். அதே நேரம் பள்ளத்துப் பக்கச் சக்கரம் 10 செ.மீ. குழியில் இறங்கினால் இன்னொரு 6. இப்போது வண்டி நிற்பது 22 டிகிரியில். சருகுக்கடியில் மறைந்த காபித் தூரும், மக்கிய மரம் விட்டுப்போன குழியும் இதற்குப் போதும். ஆகவே குறுக்காகப் போகும் தடத்தை முதலில் நடந்து, கம்பால் குத்திப் பாருங்கள்.

துள்ளல் தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மேட்டுப் பக்கம் திருப்பத்தான் மனம் சொல்லும். அப்படித் திருப்பினால் உடல் எடை முழுதும் பள்ளத்துப் பக்கம் வீசப்பட்டு அதே கணத்தில் புரளும்.

பழுது பார்க்க வேண்டியவை: பள்ளத்துப் பக்க டயரில் காற்று குறைந்திருக்கிறதா பாருங்கள், டயர் மடங்கினால் சாய்வு கூடும். பின்சக்கர டிஸ்கைத் திருப்பி மாட்டி அகலத்தைக் கூட்ட முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். மருந்துத் தொட்டி பாதி நிறைந்திருந்தால் தண்ணீர் பள்ளத்துப் பக்கமாகவே அலைந்து சேரும், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அங்கிருந்தே குழாயை நீட்டி மருந்தடிப்பது மேல்.

அறிகுறி: பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

பெடல் தாழ்ப்பாள் போடவில்லை என்றால் அதுதான் காரணம். போட்டிருந்தும் இழுத்தால், சமதள மண்ணில் மெதுவாக ஓட்டி அழுத்துங்கள். இரண்டு பின்சக்கரமும் விடும் இழுவைத் தடத்தின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். தடம் குட்டையான பக்கத்தின் கம்பியைக் கையேட்டில் சொன்ன பெடல் ஆட்டத்துக்கு முறுக்குங்கள். இதைச் சரிசெய்யாமல் மலைக்கு எடுக்கக் கூடாது.

அறிகுறி: தாழ்ந்த கிளை பாதுகாப்பு வளைவில் முட்டுகிறது

கிளையை வெட்டுங்கள், வளைவை மடக்காதீர்கள். முள்முருங்கைக் கிளை எளிதில் ஒடியும், ஓட்டுநர் தலைமேலேயே விழும், ஆகையால் வண்டி வரும் முன்பே கவாத்து முடிந்திருக்க வேண்டும். வளைவை மடக்கியே ஆக வேண்டிய இடம் சமதளமாக மட்டும் இருக்கட்டும், மடக்கியிருக்கும்போது பெல்ட் கட்டக் கூடாது. ஒருமுறை அடிபட்டு வளைந்த குழாயை வெல்டிங் வைத்து நிமிர்த்துவது பயன்தராது, புதிதாகவே மாற்ற வேண்டும்.

அறிகுறி: சரிந்து நிற்கும்போது எஞ்சின் திணறுகிறது, நேராக நிறுத்தினால் சரியாகிறது

டேங்கில் டீசல் குறைவு. சாய்வில் டீசல் ஒரு மூலைக்கு ஒதுங்க, குழாய் காற்றை உறிஞ்சுகிறது. மலையில் பாதி டேங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். காற்றுப் பிடித்துவிட்டால் சமதளத்தில் நிறுத்தி, டீசல் ஊற்றி, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் முறுக்குங்கள். இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும்.

ஆயில் விளக்கு சாய்வில் மட்டும் மின்னினால், சமதளத்தில் ஆயில் கம்பியை எடுத்து அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் மின்னினால் அந்தச் சரிவு எஞ்சினுக்கே ஆகாது.

அறிகுறி: சூடு ஏறுகிறது, அல்லது சருகு கருகும் வாடை

லோ கியரில் அதிகச் சுற்றில் மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, வலையிலும் சருகுத் தூள் அடைந்திருக்கும். சமமான இடத்தில் இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ஆறியதும் மின்விசிறிப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள், எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் தூசி உள்ளேயே இறுகும். கருகும் வாடை வந்தால் அடுத்த மரம்வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே அணைத்து, சைலன்சரைச் சுற்றியும் எஞ்சின் அடியிலும் இருக்கும் சருகைக் குச்சியால் தள்ளுங்கள். ஜனவரிக்குப் பிறகு காய்ந்த காட்டில் ஒரு கேன் தண்ணீரும் தீயணைப்பானும் இல்லாமல் வண்டி எடுக்க வேண்டாம்.

அறிகுறி: நிறுத்திய வண்டி நகர்கிறது

ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தியிருப்பீர்கள், அல்லது கியர் ஹை வரிசையில் இருக்கும். லோ வரிசைக்கு மாற்றி, மூக்கு மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ் போடுங்கள். கருவி தரையில், இரண்டு பின்சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கம் கல், சாவி பையில். பாரம் ஏற்றுவதும் இறக்குவதும் கல் போட்ட பிறகுதான்.

வண்டி கவிழ்ந்தே விட்டால்

எஞ்சினை அணைத்து, 108-ஐ அழையுங்கள். ஆள் அடியில் இருந்தால் இருபுறமும் முட்டுக் கொடுக்காமல் வண்டியைத் தூக்கவோ இழுக்கவோ முயலாதீர்கள், ஒரு சாண் நழுவினாலும் எடை மறுபடி அவர் மேல்தான் இறங்கும்.

நிமிர்த்திய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்க ஆசை வரும். கவிழ்ந்தபோது ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம், ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். குளோ பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றி, துளை வழியே ஆயில் வெளியேறுவது நின்ற பிறகு மாட்டுங்கள். ஆயில், கூலன்ட், பேட்டரி நீர் மூன்றின் அளவையும் பார்த்துச் சரிசெய்துவிட்டு, சமதளத்தில் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.